மதம் என்ற கட்டத்திலே

பள்ளிக்கூடத்துச் சேர்க்கைப் படிவத்திலே ஒரு சிறு கட்டம் உண்டு. பெயருக்கும் பிறந்த நாளுக்கும் கீழே, தந்தையின் தொழிலுக்கு மேலே, ஒடுங்கி உட்கார்ந்திருக்கும். 'மதம்' என்று அதற்குத் தலைப்பு. ஒரே ஒரு சொல் எழுதத்தான் அதிலே இடம். அந்த ஒரு சொல்லுக்காக இந்த நாட்டிலே நடைபெற்ற வாதங்கள் எத்தனை! இடிந்து விழுந்த விகாரங்கள் எத்தனை! பெயர் மாறிப்போன சிலைகள் எத்தனை!

அந்தக் கட்டம் ஒரே கேள்வியைக் கேட்பதுபோலத் தோன்றுகிறது. உண்மையிலே அது மூன்று கேள்விகளை ஒரே மூச்சில் கேட்கிறது. எந்தக் கடவுளை நம்புகிறாய் என்பது ஒன்று. எந்தச் சடங்கின்படி மணம் முடிக்கிறாய், பிணம் எடுக்கிறாய் என்பது இரண்டு. எந்தக் கூட்டத்தாரோடு உன்னைச் சேர்த்து எண்ணுவது என்பது மூன்று. இம்மூன்றையும் ஒன்றெனக் குழப்பிக்கொள்வதாலேதான், கடவுளை மறுத்தவன் மதத்தைத் துறந்துவிட்டான் என்றும், மதம் மாறியவன் வேறொரு கடவுளைப் பிடித்துக்கொண்டான் என்றும் எளிதாகப் பேசிவிடுகிறோம். வைதிகர் மட்டுமா இந்தக் குழப்பத்திலே சிக்கியவர்? பகுத்தறிவு பேசும் நம்மவரிலும் பலர் சிக்கியிருக்கின்றனர். அதனை எடுத்துக் கூறவே இந்தக் கட்டுரை.

கேளம்பாக்கத்துக்காரன் நான். உப்பளங்களால் பெயர் பெற்ற எங்கள் ஊர் இன்று வானை முட்டும் மாடிகளுக்கு நடுவே நிற்கிறது. கல்லூரியிலே வரலாறு பயின்று, பட்டம் பெற்று, ஆசிரியப் பயிற்சியும் முடித்து, நாள்தோறும் வண்டலூர் வழியாகப் பேருந்திலே சென்று, தாம்பரத்தை அடுத்த ஒரு பள்ளியிலே சமூக அறிவியல் கற்பித்து வருகிறேன். ஒரு ஜூன் மாதம், சேர்க்கை மேசையிலே எழுத்தருக்குத் துணையாக என்னை அமர்த்தியிருந்தனர்.

வந்தார் ஒரு கொத்தனார். மாடிகள் எழும்பும் இடத்திலிருந்து அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார். காற்சட்டையின் ஓரத்திலே சிமெண்டு காய்ந்திருந்தது. கூடவே ஆறாம் வகுப்பிலே சேர வந்த மகள். எழுத்தர் கேட்டுக்கொண்டே போனார். கொத்தனார் சொல்லிக்கொண்டே வந்தார்.

"மதம்?"

"பௌத்தம்."

எழுதிக்கொண்டிருந்த கை நின்றது. சாதிச் சான்றிதழை ஒருமுறை பார்த்தார் எழுத்தர், ஆளையும் ஒருமுறை பார்த்தார். "என்னப்பா, பிள்ளைக்கு உதவித்தொகை வேணுமா வேணாமா? பௌத்தம்னு எழுதினா சலுகையெல்லாம் போயிடும். இந்துன்னு போட்டுடறேன், அதுதான் நல்லது" என்றார். கோபத்தோடு அன்று, கருணையோடுதான் சொன்னார்!

கொத்தனார் என் பக்கம் திரும்பினார். "சார், எங்க தாத்தா காலத்திலேயிருந்து எங்க வீட்டிலே புத்தர் படந்தான். என் கல்யாணமே அது முன்னாலேதான் நடந்துது. இவ முதல் முதலா பள்ளிக்கூடத்துக்கு வர்றா, பொய்யிலேயா ஆரம்பிக்கச் சொல்றீங்க?" என்றார்.

எழுத்தர் சொன்னது சட்டமா? ஒரு காலத்திலே சட்டம்தான். 1950ஆம் ஆண்டிலே குடியரசுத் தலைவர் பிறப்பித்த ஆணை, இந்து மதத்தினின்றும் வேறான மதத்தைச் சேர்ந்தவன் பட்டியல் சாதியைச் சேர்ந்தவனாகக் கருதப்படமாட்டான் என்று விதித்தது. 1956இல் சீக்கியருக்கு அந்தத் தடை நீங்கிற்று. பௌத்தருக்கு நீங்கியது எப்போது? 1990இல்! அண்ணல் அம்பேத்கர் நாகபுரியிலே இலட்சக் கணக்கானவரோடு பௌத்தம் தழுவியது 1956 அக்டோபர் 14. அன்று தழுவியவர், ஒன்றிய அரசுச் சட்டத்தின் கண்ணிலே, ஏறத்தாழ 34 ஆண்டுக் காலம், இழிவை மட்டும் சுமந்தனர். இழிவுக்கு ஈடாகத் தரப்பட்ட உரிமையைச் சுமக்கவில்லை. தீண்டாதவன் எந்த மதத்துக்குப் போனாலும் ஊர் அவனைத் துரத்தும்; உரிமை மட்டும் எல்லையிலேயே நின்றுவிடும். என்னே நீதி!

அந்த அநீதி தீர்ந்து பல ஆண்டுகள் ஆகியும், எழுத்தரின் நினைவிலே அது இன்னும் சட்டமாகவே உலவிக்கொண்டிருந்தது. திருத்தச் சட்டத்தின் நகலைத் தேடி எடுத்துத் தலைமையாசிரியர் மேசைக்குக் கொண்டுபோனேன். மேலிடத்தைக் கேட்க வேண்டும் என்றார்கள். கேட்டார்கள். மூன்று நாள் ஓடிற்று. மூன்று நாளும் கொத்தனார் கூலியை இழந்து வந்து நின்றார். நான்காம் நாள், 'பௌத்தம்' என்ற சொல் பதிவேட்டிலே ஏறிற்று. அந்த ஒரு சொல்லை இருமுறை வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்திட்டார் அவர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் படிப்பகத்திலே இதனைச் சொன்னேன். தோழர்கள் பாராட்டுவார்கள் என்றிருந்தேன். மாறாக, எழுந்தது ஒரு கணை. "நாமோ கடவுள் இல்லை என்போர். அவரோ பிள்ளையார் படத்தைக் கழற்றிவிட்டுப் புத்தர் படத்தை மாட்டியிருக்கிறார். ஆணி அதேதான், சுவரும் அதேதான். இதற்காகவா மூன்று நாள் மல்லுக்கு நின்றாய்?" என்று கேட்டார் ஒரு தோழர். நல்ல கேள்வி. கூர்மையான கேள்வி. ஆனால், அந்தக் கேள்விக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது, நான் முதலில் சொன்ன குழப்பம். அவருக்கு அன்று சொன்ன விடையைத்தான் இங்கே சற்று விரித்து எழுதுகிறேன்.

மதம் என்றால் என்ன? கேட்பதற்கு எளிது, விடை கூறுவதற்கு மேல்நாட்டு அறிஞர்களே திணறியிருக்கின்றனர். 1871இல் எட்வர்டு டைலர் என்ற ஆங்கில அறிஞர், தொல்குடிகளின் பண்பாட்டைப் பற்றிய பெருநூல் ஒன்றிலே, கண்ணுக்குத் தெரியாத ஆவியுருவங்களின்மீது வைக்கும் நம்பிக்கையே மதத்தின் அடிப்படை என்று வரையறுத்தார். கடவுள், தேவர், பேய், முன்னோர் ஆவி எல்லாம் இதிலே அடங்கிவிடும். சரிதானே என்று தோன்றும். 1912இல் பிரெஞ்சு நாட்டு எமில் துர்கைம் என்பார் அந்த வரையறையை மறுத்தார். மறுப்பதற்கு அவர் எடுத்துக்காட்டிய சான்று எது தெரியுமா? பௌத்தம்! கடவுளின் துணையை நாடாமல், தன் முயற்சியாலேயே துயரினின்றும் விடுபடுவதைப் பேசும் நெறி ஒன்று, கோடிக் கணக்கான மக்களின் மதமாக ஆசியா முழுதும் வாழ்ந்திருக்கிறதே, அப்படியிருக்க மதத்துக்குக் கடவுள் இன்றியமையாதது என்று எவ்வாறு கூறுவது என்று கேட்டார் துர்கைம். அவர் கண்ட விடை வேறு. புனிதம் என்று சிலவற்றைத் தனியே பிரித்து வைப்பதும், அந்தப் புனிதத்தைச் சுற்றி நம்பிக்கையாலும் நடைமுறையாலும் ஒரு கூட்டத்தை ஒன்றாகக் கட்டுவதுமே மதம் என்றார்.

இந்த விடையிலும் குறை காண்பார் உண்டு. ஆயினும், பகுத்தறிவாளனுக்கு இது ஓர் உண்மையை உணர்த்துகிறது. கடவுளை எடுத்துவிட்டால் மதம் சரிந்துவிடும் என்பது நம் கனவு. கடவுள் வெறும் முகப்பு. பின்னாலே இருக்கும் கட்டடம் கூட்டம். யாரோடு உண்பது, யாருக்குப் பெண் கொடுப்பது, யாரை எங்கே புதைப்பது என்று விதிக்கும் கட்டடம் அது. முகப்பை இடித்த பிறகும் கட்டடம் நிற்கக்கூடும்.

இதை மேல்நாட்டார் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. நம் நாட்டுச் சொல் ஒன்றே சான்று பகரும். நாத்திகம் என்கிறோம். கடவுள் மறுப்பு என்று பொருள் கொள்கிறோம். பழைய வைதிகத்தின் அகராதியிலே அதன் பொருள் அதுவன்று! வேதத்தைப் பழிப்பவனே நாத்திகன் என்கிறது மனுநூல். தத்துவங்களை ஆத்திகம், நாத்திகம் என்று இரு வரிசையாகப் பிரித்தார்களே, அந்தப் பிரிவினையைப் பாருங்கள். மீமாம்சை என்றொரு தத்துவம். வேள்வியின் விதிகளை ஆராய்வதே அதன் வேலை. உலகைப் படைத்த கடவுள் ஒருவர் உண்டு என்பதை மீமாம்சகர் ஏற்கவில்லை. வாதம் புரிந்து மறுத்தனர். பழைய சாங்கியமும் படைப்போன் ஒருவனைத் தேடவில்லை. எனினும் இவ்விரண்டும் ஆத்திக வரிசையிலே மேலே அமர்ந்திருக்கின்றன! ஏன்? வேதத்தை ஏற்றுக்கொண்டதால். பௌத்தம், சமணம், உலகாயதம் மூன்றும் நாத்திகம். ஏன்? வேதத்தை ஏற்க மறுத்ததால்.

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! கடவுளை மறுத்தவனை வைதிகம் பொறுத்துக்கொண்டது. வேதத்தையும், வேதத்தைக் காட்டிப் பிறப்பினால் உயர்வு தாழ்வு கற்பிக்கும் வருணத்தையும் மறுத்தவனைத்தான் புறத்தே தள்ளிற்று. பகைவன் தெளிவாக இருந்தான். தனக்கு உயிர்நிலை எது என்று அறிந்திருந்தான். நாமோ அவன் முகப்பைப் பார்த்துக் கல்லெறிந்துவிட்டு, வெற்றி முழக்கத்தோடு வீடு திரும்புகிறோம்.

சரி, புத்தர் கூறியதுதான் என்ன? உலகம் அழியுமா அழியாதா, முடிவு உடையதா இல்லாததா என்றெல்லாம் மாலுங்கியபுத்தன் என்ற துறவி அவரை நெருக்கியதாகப் பாலி நூல் கூறும். நஞ்சு தோய்ந்த அம்பு தைத்துக் கிடப்பவன், எய்தவன் என்ன குலம், என்ன நிறம், வில் என்ன மரம் என்று அறியாதவரை அம்பைப் பிடுங்கவிட மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தால் அவன் கதி என்னவாகும் என்று திருப்பிக் கேட்டாராம் புத்தர். துயர் இருக்கிறது; துயருக்குக் காரணம் இருக்கிறது; காரணத்தை நீக்கினால் துயர் நீங்கும்; நீக்கும் வழியும் உண்டு. இவ்வளவே அடிப்படை. எதுவும் தனித்துத் தானே நிற்பதில்லை, ஒன்றைச் சார்ந்தே ஒன்று தோன்றுகிறது என்பது அதன் தருக்கம். உலகைப் படைத்து நடத்தும் முதல்வனுக்கும் இதிலே இடமில்லை. அழியாத ஆன்மாவுக்கும் இடமில்லை. கதைகளிலே தேவர்கள் வருவார்கள். வந்தாலும், அவர்களும் பிறந்து இறப்பவர்களே. புத்தரை வணங்கி நிற்பவர்களே.

இவ்வளவும் கேட்ட பகுத்தறிவாளன் மகிழ்வான். ஆனால் உண்மையை ஒளிக்கலாகாது. வினை, மறுபிறப்பு என்ற இரண்டும் பழைய பௌத்தத்திலே உண்டு. முற்பிறவியின் பயன் என்று சொல்லி இப்பிறவியின் அடிமைத்தனத்தை நியாயப்படுத்த அந்த வாயிலே வழி கிடைக்கும். புத்தர் பிறந்த கதையிலே அற்புதங்களும் உண்டு. அவர் பெயரால் பற்களையும் எலும்புகளையும் வைத்து விழா எடுப்பாரும் உண்டு. இவற்றைக் கண்டு நம் தோழர் முகம் சுளித்ததிலே தவறில்லை.

தமிழகத்துக்கு இந்த வாதங்கள் புதியனவல்ல. மணிமேகலைக் காப்பியத்திலே, வஞ்சி நகரிலே சமயக் கணக்கர் ஒவ்வொருவரிடமும் சென்று அவரவர் கொள்கையைக் கேட்கிறாள் மணிமேகலை. வைதிகர், சைவர், வைணவர், ஆசீவகர், நிகண்டர், சாங்கியர் என்று வரிசையாகப் பேசுகின்றனர். வரிசையிலே உலகாயதம் பேசும் பூதவாதியும் இருக்கிறான். காட்சிக்கு எட்டுவது மட்டுமே உண்மை என்கிறான் அவன். உன்னைப் பெற்றவர் இன்னார் என்பதை நீ காட்சியாலா அறிந்தாய், கருதித்தானே அறிந்தாய் என்று மடக்குகிறாள் அவள். ஆக, அந்நாளிலேயே கடவுள் மறுப்பும் பௌத்தமும் ஒன்றல்ல என்பதைத் தமிழர் அறிந்திருந்தனர். எதிரெதிரே அமர்ந்து பேசவும் அறிந்திருந்தனர். அதே காப்பியத்தின் ஆபுத்திரன், வேள்விக்குக் கட்டிய பசுவை அவிழ்த்துவிட்டு, அதனால் பார்ப்பனச் சேரியினின்றும் விரட்டப்பட்டவன். பிறப்பைச் சொல்லி இழித்தவர்களுக்கு அவர்களுடைய முனிவர்களின் பிறப்பையே எடுத்துக்காட்டியவன். அவன் கையிலிருந்த அமுதசுரபி பின்னர் மணிமேகலை கைக்கு வந்தது. அவள் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கினாள். பசியையும் பிறப்பிழிவையும் முதற் கேள்வியாக வைத்த காப்பியம் அது.

அப்படி வேரூன்றியிருந்த நெறி எங்கே போயிற்று? நாகப்பட்டினத்திலே சூடாமணி விகாரம் எழுந்தது, இராசராசன் காலத்தில். கடல் கடந்த ஸ்ரீவிசய அரசன் எழுப்பினான். ஆனைமங்கலம் என்னும் ஊரை அதற்குக் கொடையாக்கினான் சோழன். லெய்டன் செப்பேடுகள் என்று பெயர் பெற்றவை அந்தக் கொடையைக் கூறுகின்றன. அங்கே எஞ்சி நின்ற பழைய கோபுரத்தையும் 1867இல் அரசின் இசைவோடு பாதிரிமார் இடித்தனர். மண்ணுக்கடியிலிருந்து 1856 முதல் கிடைத்த வெண்கலப் புத்தர் உருவங்கள் ஏறத்தாழ 350. சேலம் பெரியேரியிலே 'தலைவெட்டி முனியப்பன்' என்ற பெயரோடு ஒரு கல்லுருவம் வழிபடப்பட்டு வந்தது. வழக்கு மூண்டது. தொல்லியலாளர் ஆராய்ந்து அது புத்தர் சிலையே என்றனர். 2022இல் சென்னை உயர்நீதிமன்றமும் அதனை ஏற்று, பூசைகளை நிறுத்தித் தொல்லியல் துறையிடம் ஒப்படைக்க ஆணையிட்டது. தலையை வெட்டினர், பிறகு பெயரையும் வெட்டினர், பிறகு கோழி காட்டிக் கும்பிட்டனர்! ஒரு மதம் மறைவது எப்படி என்பதற்கு இதனினும் பாடம் வேண்டுமோ?

அந்த மறைவைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே உலுக்கி எழுப்பினார் ஒரு சித்த மருத்துவர். அயோத்திதாசப் பண்டிதர். 1845இல் பிறந்தவர். 1898இல் கர்னல் ஆல்காட்டோடு இலங்கை சென்று பௌத்தம் தழுவி, திரும்பி வந்து சென்னை இராயப்பேட்டையிலே சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வார ஏட்டைத் தொடங்கினார். மறு ஆண்டு அது 'தமிழன்' ஆயிற்று. 1914இல் மறையும் வரை நடத்தினார். கோலார் தங்கவயலிலும் இரங்கூனிலும் கூலிக்குச் சென்ற தமிழர் நடுவே சங்கத்தின் கிளைகள் தழைத்தன. அவர் சொன்னது என்ன? நாங்கள் இந்துக்களே அல்லர், சாதிபேதமற்ற திராவிடர், பூர்வ பௌத்தர் என்பது. எழுதிய வரலாற்றிலே பல செய்திகளை இன்றைய ஆய்வாளர் அப்படியே ஏற்பதில்லை. ஆயினும், குடிமதிப்புக் கணக்கிலே தம் மக்களை எந்தப் பெயரால் எழுதுவது என்பதை அரசோடு வாதிட்ட முன்னோடி அவர். மதம் என்ற கட்டத்திலே பிறர் எழுதிய சொல்லை அடித்துவிட்டுத் தம் சொல்லை எழுத முயன்ற மனிதர்!

தாம்பரம் சானடோரியத்திலே தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. அதன் மருத்துவமனைக்கு அயோத்திதாசர் பெயரையே சூட்டியுள்ளனர். மூட்டுவலிக்கும் தோல்நோய்க்கும் சீட்டு வாங்கிக்கொண்டு வரிசையிலே நிற்கும் மக்களைப் பார்க்கிறேன். பெயருக்கு உரியவர் உடல்நோய்க்கு மட்டுமா மருந்து கண்டார் என்பதை அவர்களிடம் யார் எடுத்துச் சொல்வது? நாமல்லவா சொல்ல வேண்டும்!

அவர் காலத்திலேயே சென்னையிலே இன்னும் இருவர் பௌத்தத்தை அறிவின் வழியிலே பேசினர். ஒருவர் பேராசிரியர் இலட்சுமி நரசு; அறிவியல் கற்பித்தவர். 1907இல் பௌத்தத்தின் சாரத்தை விளக்கி ஆங்கிலத்திலே அவர் எழுதிய நூலுக்கு, 1948இல் வெளிவந்த பதிப்பிலே முன்னுரை எழுதியவர் அம்பேத்கர். மற்றவர் சிங்காரவேலர். 1923 மே முதல் நாளன்று சென்னையிலே மே தினம் கொண்டாடிய அந்தப் பொதுவுடைமையாளர், இளமையிலே மகாபோதி சங்கத்துக் கூட்டங்களை நடத்தியவர். கடவுளைக் கடந்த சமத்துவத்துக்கு அவர் சென்ற பாதை, புத்தரின் தெரு வழியாகத்தான் சென்றது.

இனி, பெரியாரும் அம்பேத்கரும். பிள்ளையார் உருவத்தை உடைக்கப் பெரியார் தேர்ந்தெடுத்த நாள் 1953 மே 27. புத்தர் பிறந்த நாள்! 1954 தொடக்கத்திலே ஈரோட்டிலே புத்தர் கொள்கைக்கென மாநாடு கூட்டினார். அவ்வாண்டின் இறுதியிலே இரங்கூனில் நடைபெற்ற உலக பௌத்த மாநாட்டுக்குச் சென்றார். அங்கே சந்தித்த அம்பேத்கர், பௌத்தத்திலே சேர்ந்துவிடலாம் வாருங்கள் என்று அழைத்ததாகவும், சேர்ந்துவிட்டால் இந்து மதத்தின் கேட்டை உள்ளேயிருந்து கண்டிக்கும் வாய்ப்பு எனக்கு இல்லாமற் போய்விடுமே என்று தாம் மறுத்ததாகவும் பின்னாளிலே பெரியாரே பேசியிருக்கிறார். அம்பேத்கரோ நாகபுரியிலே 22 உறுதிமொழிகளை வகுத்தார். பழைய தெய்வங்களை வணங்கேன், புத்தரைத் திருமாலின் அவதாரம் என்று ஏற்கேன், மனிதர் அனைவரும் சமம் என்று ஒழுகுவேன் என்பன அவற்றுள் சில. 1957இல், அவர் மறைவுக்குப் பின் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' என்ற நூலிலே, முற்பிறவி வினையால் இப்பிறவி இழிவு என்ற கருத்தை அறவே ஒதுக்கினார்.

ஒருவர் வெளியேறினார், ஒருவர் உள்ளே நின்று இடித்தார். எது சரி என்று பட்டிமன்றம் நடத்துவது நமக்கு வழக்கம். நான் காண்பது வேறு. இருவரும் அந்த மூன்று கேள்விகளைப் பிரித்தறிந்தவர்கள். கடவுள் பற்றிய முதற் கேள்விக்கு இருவர் விடையும் ஏறத்தாழ ஒன்றுதான். மூன்றாம் கேள்வியிலேதான் வழி பிரிந்தது. சேரியிலே பிறந்து, கிணற்றைத் தொட முடியாமல் வளர்ந்தவருக்கு, சேர்ந்து நிற்க ஒரு புதிய கூட்டம் தேவைப்பட்டது: மணம் முடிக்க, பிள்ளைக்குப் பெயரிட, பிணத்தைத் தூக்க. இல்லை என்று சொல்லிவிட்டுத் தனியே நிற்பது, நிற்க இடமுள்ளவனுக்கு எளிது. இதைத்தான் தோழரிடம் சொன்னேன். கொத்தனார் வீட்டுச் சுவரிலே ஆணி அதேதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் மாட்டிய படம், தன்னைத் தாழ்ந்தவன் என்று எந்த நூலிலும் சொல்லாத ஒருவருடைய படம்.

அப்படியானால் பௌத்தமே மருந்தா? அவசரம் வேண்டாம். கடலுக்கு அப்பால் இலங்கையைப் பாருங்கள். 1753இல் சயாம் நாட்டுத் துறவிகளை வரவழைத்துக் கண்டி மன்னன் காலத்திலே புதுப்பிக்கப்பட்டது சயாம் நிக்காயம். சில ஆண்டுகளிலேயே அதிலே துறவு பூணும் உரிமை கொவிகம என்ற உயர் சாதியாருக்கு மட்டுமே என்றாயிற்று! மறுக்கப்பட்ட சாதியினர் பர்மா சென்று துறவு பெற்றுத் திரும்பி, 1803இல் அமரபுர நிக்காயத்தைத் தனியே அமைத்தனர். கடவுள் இல்லாத மதம், சாதி இருந்தது. 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டத்துக்காகத் தெருவிலே முன்னின்றவர்களிலே காவியுடைத் துறவிகளும் இருந்தனர். தமிழர் அந்தச் சட்டத்தால் பட்ட பாட்டை நான் விளக்க வேண்டியதில்லை. படைத்தவன் இல்லை என்ற தத்துவம், பக்கத்து வீட்டுக்காரனை மனிதனாக மதிக்கச் செய்துவிடாது.

இலங்கையைச் சுட்டிய விரலை நம் பக்கமும் திருப்புவோம். சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு 1967இல் அண்ணாவின் ஆட்சியிலே நிறைவேறிய திருத்தத்தால் கிடைத்தது. பெருமைக்குரிய சட்டம். ஆனால் அது எந்தச் சட்டத்தின் திருத்தம்? 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டத்தின் திருத்தம்! புரோகிதனை விலக்கி மணந்த நாத்திகனும், சட்டத்தின் ஏட்டிலே இந்துவே. அந்தச் சட்டம் பௌத்தனையும் சமணனையும் சீக்கியனையும்கூடத் தன் குடையின்கீழ் இழுத்து வைத்திருக்கிறது. சட்டம் போகட்டும். புரோகிதன் இல்லாத மேடை, மாலை மாற்றல், பகுத்தறிவுச் சொற்பொழிவு எல்லாம் உண்டு. மணமகனும் மணமகளும் ஒரே சாதி! இப்படிப்பட்ட திருமணங்கள் எத்தனைக்கு நாமே போய் வாழ்த்துரை வழங்கியிருக்கிறோம்? கடவுளை வாசலிலே நிறுத்திவிட்டோம். சாதியைப் பந்தியிலே உட்கார வைத்துப் பரிமாறுகிறோம்.

ஆகவே, நாத்திகம் வேண்டாம் என்கிறேனா? ஒருபோதும் இல்லை. இல்லாத ஒன்றின் பெயரால் எளியவனை மிரட்டும் வாணிபம் இருக்கும்வரை, இல்லை என்று உரக்கச் சொல்லும் வாய் தேவை. நான் கூறுவது, அது முதற்படி என்பதே. ஒரு கொள்கையோ மதமோ இயக்கமோ, எதுவாயினும், அதனை உரைத்துப் பார்க்கும் உரைகல் ஒன்றுண்டு: பிறப்பால் தாழ்ந்தவன் என்று ஒருவனை அது கூறுகிறதா? கூறாவிட்டாலும், கூறுபவனோடு சேர்ந்து உண்கிறதா? அந்தக் கல்லிலே மீமாம்சகனின் கடவுள் மறுப்பு கறுக்கும். அயோத்திதாசரின் மதம் மின்னும்.

மீண்டும் ஒரு கணக்கெடுப்பு வருகிறது. 2027 மார்ச் முதல் நாளை அடிப்படையாகக் கொண்டு நடத்தப்படும் என்று அறிவித்திருக்கின்றனர். சாதியும் கேட்கப்படும் என்கின்றனர். 2011ஆம் ஆண்டுக் கணக்கிலே இந்தியா முழுதும் பௌத்தர் சுமார் 84 இலட்சம். தமிழகத்திலோ சுமார் 11 ஆயிரம் பேரே. தம்மை நாத்திகர் என்று எழுதச் சொன்னவர் நாடு முழுதும் 33 ஆயிரம் அளவில்தான்! இத்தனை பெரிய நாட்டிலே உண்மை நிலை அதுவா, அல்லது கேட்காமலே எழுதிய கைகள் பலவா? கணக்கெடுக்க வீடு வீடாகச் செல்வோரில் பெரும்பாலோர் எம்மைப் போன்ற ஆசிரியர்களே. பெயரைக் கேட்டதுமே மதத்தைத் தாமாக எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்கு விரையும் பழக்கம் உண்டு. ஆசிரியத் தோழர்களே, கேட்டு எழுதுங்கள். சொன்னதை எழுதுங்கள். கணக்குக்கு விடை கூறும் தோழர்களே, நீங்களும் வாய் திறந்து சொல்லுங்கள். மதமில்லை என்றால் மதமில்லை என்று சொல்லுங்கள். பௌத்தம் என்பவரைப் பார்த்து நகைக்காதீர்கள்.

அதன்பின், வீட்டுக்குள் திரும்பிச் செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. உங்கள் தெருவிலே எந்தக் கிணறு யாருக்கு மூடியிருக்கிறது, எந்தச் சுடுகாட்டுப் பாதை யாருக்கு அடைத்திருக்கிறது என்று போய்ப் பாருங்கள். உங்கள் தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது சாதியைக் கேட்காதீர்கள். கடவுள் உண்டா இல்லையா என்பதற்கு மேடையிலே நின்று விடை சொல்லிவிடலாம். பிறப்பால் தாழ்ந்தவன் உண்டா இல்லையா என்பதற்குத் தெருவிலேயும் அடுப்பங்கரையிலேயுமே விடை சொல்லியாக வேண்டும்.